சிவப்பில் நின்ற ஒரே டிரைவர்

பிப்ரவரி 10, திங்கள்

இன்று காலை பத்தே காலுக்கு 'ட்ராக் அண்ட் தண்டர் 3' என்ற கம்ப்யூட்டர் கேமை முன்பதிவு செய்தேன். எனக்கு வயது அறுபத்தொன்பது. விளையாட்டு ஆசையில் வாங்கவில்லை. இது சாட்சியம்.

விவரத்தை முறையாக எழுதி வைக்கிறேன். கோதண்டபாணியாகிய நான் முப்பத்து நான்கு வருடம் ரயில் ஓட்டியவன். ஓய்வுக்கு இரண்டு வருடம் பாக்கி இருந்தபோது, 2014-இல், கொத்தனேரி ஸ்டேஷனுக்கு வெளியே ஹோம் சிக்னல் சிவப்பாக இருக்க, சரக்கு வண்டியை இரண்டு வேகன் நீளம் தாண்டி நிறுத்தினேன் என்று என்னைக் கட்டாய ஓய்வில் அனுப்பினார்கள். யாருக்கும் ஒரு கீறல்கூட இல்லை.

ஹோமுக்கு ஒரு கிலோமீட்டர் முன்னால் டிஸ்டன்ட் சிக்னல் இருக்கும். அது மஞ்சள் காட்டினால், அடுத்தது சிவப்பாக இருக்கலாம், வேகத்தைக் குறை என்று பொருள். அந்த டிஸ்டன்ட் வளைவில் ஒரு புங்க மரத்துக்குப் பின்னால் மறைந்திருந்தது. இது என் முதல் வாதம். பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் அசிஸ்டன்ட் சிக்னலைப் பார்த்து உரக்கச் சொல்ல வேண்டும், டிரைவர் அதைத் திருப்பிச் சொல்ல வேண்டும் என்பது விதி. என் அசிஸ்டன்ட் பிலவேந்திரன் சொல்லவில்லை. இது இரண்டாவது வாதம். ஆனால் விசாரணையில் "சொன்னேன்" என்று எழுதிக் கொடுத்துவிட்டான். அன்றிலிருந்து அவனோடு பேச்சு இல்லை.

பதினோரு வருடத்தில் இருபத்து மூன்று மனு போட்டுவிட்டேன். மனு அடிப்பதற்காகவே கம்ப்யூட்டரை நானாகக் கற்றுக்கொண்டேன். இதற்கிடையில் மரத்தை வெட்டி, சிக்னலையும் வேறு இடத்துக்கு மாற்றிவிட்டார்கள். காட்டுவதற்கு எதுவும் இல்லை.

இப்போது வெளிநாட்டுக் கம்பெனி ஒன்று, எங்கள் பாதையை 2012-இல் இருந்தபடியே, பழைய வீடியோக்களைப் பார்த்து, சிக்னல் சிக்னலாக, மரம் மரமாகக் கேமில் வைத்திருப்பதாக அறிவித்திருக்கிறது. முன்பதிவு செய்பவர்களுக்கு மட்டுமே அந்தப் பாதை. ஓட்டிப் போய், டிரைவர் இருக்கையிலிருந்து படம் எடுத்து, இருபத்து நான்காவது மனுவோடு இணைக்கப் போகிறேன்.

என் மனைவி குமுதவல்லி கேட்டாள். "கேஸ்காரன் சிலிண்டர எறக்கி வச்சு, நீங்க சோப்புத் தண்ணி தடவி லீக் பாத்தப்புறம்தான் காச குடுப்பீங்க. இவனுக்கு எதப் பாத்துக் குடுத்தீங்க?"

அது வேறு, இது வேறு என்றேன்.

பிப்ரவரி 12, புதன்

கோயம்புத்தூரிலிருந்து மாப்பிள்ளை ஞானவேல் பேசினார். கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. நம் வீட்டில் இருப்பது அவர் பழைய கம்ப்யூட்டர்தான்.

"முன்பதிவு மட்டும் பண்ணாதீங்கன்னு தீபாவளிக்கே சொன்னேனே மாமா. இவனுங்க மாவு பொங்கறதுக்குள்ள இட்லி ஊத்திட்டு, அப்புறம் ஆறு மாசம் பேட்ச் பேட்ச்சுன்னு ஒட்டுப் போடுவானுங்க."

"ரயில் டிக்கெட்ட ரெண்டு மாசம் முன்னாடி எடுக்கறோமே மாப்பிள்ளை. அது முன்பதிவு இல்லையா?"

"ரயில்ல பெட்டிக்கு எழுபத்திரண்டு சீட்டுதான் மாமா. டவுன்லோடு எப்படித் தீரும்?"

இது பிழையான ஒப்பீடு என்பதை அவருக்குப் படிப்படியாக விளக்கினேன். இருபத்தைந்து நிமிடம் ஆனது. நடுவில் அவர் "மாமா, ஒண்ணு மட்டும், ரெண்டு மணி நேரத்துக்குள்ள" என்று ஏதோ ஆரம்பித்தார். நான் முடிக்கவில்லை, இருங்கள் என்றேன். நான் முடித்தபோது அவர் போனில் சார்ஜ் தீர்ந்திருந்தது.

போனை வைத்துவிட்டுப் பின்பக்கம் போனால் மாடித் தொட்டி நிரம்பி, பக்கத்து வீட்டுச் சுவர் வழியாகத் தண்ணீர் போய்க்கொண்டிருந்தது. மோட்டார் சுவிட்ச் நான் பேசிக்கொண்டிருந்த அறையில் இருக்கிறது. குமுதவல்லி மூன்று தடவை கூப்பிட்டாளாம். தொட்டி நிரம்பினால் கூவும் அலாரம் சரியில்லை. மாற்ற வேண்டும்.

பிப்ரவரி 16, ஞாயிறு

கேமுக்குக் குறைந்தபட்சம் என்னென்ன வேண்டும் என்று கம்பெனி கொடுத்திருக்கும் பட்டியலை, ஷெட்டிலிருந்து இன்ஜின் எடுக்கும்போது பார்ப்பதுபோல ஒவ்வொன்றாகச் சரிபார்த்து டிக் அடித்தேன். பிராசசர் சரி. மெமரி சரி. கிராபிக்ஸ் கார்டு சரி. எல்லாம் விதிப்படி இருக்கிறது. கையெழுத்துப் போட்டுத் தேதியும் போட்டு வைத்திருக்கிறேன். நாளை யாரும் வேறு பேச முடியாது.

முருங்கைக்காய் குழம்பு.

பிப்ரவரி 28, வெள்ளி

வெளியீடு. மதியம் டவுன்லோடை ஆரம்பித்தேன். இரண்டு மணி நேரத்தில் பதினோரு சதவீதம். குமுதவல்லி போனில் பார்க்கும் சீரியல் சுற்றிக்கொண்டே நிற்கிறது என்று புகார். முக்கியமான வண்டிக்கு லைன் விடும்போது மற்றது பக்கத்து லூப் லைனில் ஒதுங்கிக் காத்திருக்கத்தான் வேண்டும் என்று சொன்னேன். காபி வரவில்லை.

மார்ச் 1, சனி

டவுன்லோடு முடிந்தது. திறந்தவுடன் 'தயார் செய்கிறது' என்று ஒரு பட்டை நாற்பது நிமிடம் ஊர்ந்தது. பிறகு படம் வந்தது. படம் என்றா சொன்னேன், படங்கள் வந்தன. திரையில் ஒரு நொடிக்கு அறுபது படம் ஓடினால்தான் அசைவு சீராகத் தெரியுமாம். எனக்கு ஒன்பது ஓடியது. பிளாட்பாரத்தில் போன நாய் ஒரு தூணிலிருந்து அடுத்த தூணுக்குத் தாவித் தாவிப் போனது.

மாப்பிள்ளைக்குப் படம் அனுப்பினேன். "பாவம் நாய்" என்று மட்டும் பதில் போட்டிருக்கிறார். முன்பதிவைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அந்தப் பெருந்தன்மைதான் எனக்குப் பிடிக்கவில்லை.

மார்ச் 2, ஞாயிறு

இன்று நடந்ததை நேரத்தோடு எழுதுகிறேன்.

காலை 10.40. வேலாம்பட்டி ஸ்டேஷன். இங்கிருந்து கொத்தனேரி பதினேழு கிலோமீட்டர். எல்லா அலங்காரத்தையும் குறைத்து வைத்ததில் படம் நொடிக்கு இருபத்திரண்டு ஆனது. ஓட்டலாம். பிரேக் சோதனை செய்தேன். புறப்படும் சிக்னலான ஸ்டார்ட்டர் சிவப்பு. காத்திருந்தேன்.

11.05. சிவப்பு. ஹார்ன் அடித்தேன். சிக்னல் பழுதானால் ஸ்டேஷன் மாஸ்டர் எழுத்தில் அனுமதி தர வேண்டும். ஸ்டேஷன் மாஸ்டர் பிளாட்பாரத்தில்தான் இருந்தார். முழங்கால் வரை சிமெண்டில் புதைந்து, சுவரைப் பார்த்து நின்றுகொண்டிருந்தார். மறுபடி ஹார்ன். திரும்பவில்லை.

11.50. சிவப்பு.

12.30. குமுதவல்லி சாப்பிடக் கூப்பிட்டாள். தட்டை இங்கேயே கொண்டுவரச் சொன்னேன்.

"நிக்கிற ரயிலுக்கு எதுக்குங்க காவல்?"

"டிரைவர் இன்ஜின விட்டு எறங்கக் கூடாது."

"வேஷ்டி கட்டிக்கிட்டு எந்த டிரைவர் இருந்தாரு" என்று தட்டை வைத்துவிட்டுப் போனாள்.

12.54. திரை அணைந்தது. கேம் தானாக மூடிக்கொண்டது. மொத்தம் இரண்டு மணி பதினான்கு நிமிடம் சிவப்பில் நின்றிருக்கிறேன். ஒரு அங்குலம் நகரவில்லை.

மார்ச் 3, திங்கள்

பணத்தைத் திருப்பிக் கேட்டு விண்ணப்பித்தேன். நான்கு நிமிடத்தில் மறுப்பு வந்தது. ரயில்வேயிலாவது நான்கு மாதம் யோசிப்பதுபோல் காட்டுவார்கள். இரண்டு மணி நேரத்துக்கு மேல் விளையாடிவிட்டேனாம், அதனால் தர முடியாதாம். விளையாடினேனா? நின்றேன்.

மாப்பிள்ளையிடம் சொன்னேன்.

"அதத்தான் மாமா அன்னைக்கு சொல்ல வந்தேன். ரெண்டு மணி நேரத்துக்குள்ள கேட்டா தந்துடுவான்."

"சொல்லியிருக்கலாமே."

பிறகு, "சரி, சிவப்பா இருந்தா என்ன மாமா, அப்படியே கெளம்பிப் போயிருக்கலாம்ல. கேம்தான" என்றார்.

நல்ல மனிதர். என் பெண்ணை நன்றாக வைத்திருக்கிறார். அந்த ஒரு காரணத்துக்காகப் போனை மெதுவாகத்தான் வைத்தேன்.

மார்ச் 4, செவ்வாய்

கேம் விற்கும் தளத்தில் விமர்சனம் எழுதினேன். தமிழில்தான். வேண்டியவன் மொழிபெயர்த்துக்கொள்ளட்டும். நகல்:

"பொருள்: வேலாம்பட்டி ஸ்டார்ட்டர் சிக்னல் பச்சையாகாதது குறித்து. ஐயா, 02.03.2025 அன்று 10.40 முதல் 12.54 வரை மேற்படி சிக்னலில் காத்திருந்தேன். சிக்னல் மாறவில்லை. ஸ்டேஷன் மாஸ்டர் தரையில் புதைந்துள்ளார். அவரை மீட்டு, சிக்னலைச் சரிசெய்து, காத்திருந்த நேரத்தை விளையாடிய நேரமாகக் கணக்கிட்டதை ரத்து செய்யுமாறு கேட்டுக்கொள்கிறேன். இப்படிக்கு, தங்கள் உண்மையுள்ள."

மார்ச் 9, ஞாயிறு

ஆறாயிரம் பேர் என் விமர்சனம் பயனுள்ளது என்று அழுத்தியிருக்கிறார்கள். இருபத்து மூன்று மனுவுக்கும் சேர்த்து ஒரு ஆள் பதில் போட்டதில்லை. பிரேசில்காரர் ஒருவர், பெரியவர் இன்னும் அங்கேதான் நிற்கிறாரா, யாராவது அவருக்குச் சாப்பாடு கொடுத்தார்களா என்று கேட்டிருக்கிறார். கொடுத்தார்கள், வத்தக்குழம்பு என்று பதில் எழுதினேன்.

ஒருவன் மட்டும், உங்களைப் போல முன்பதிவு செய்பவர்களால்தான் கம்பெனிகள் அரைகுறையாக விற்கத் துணிகின்றன, உங்கள் மேல் இரக்கம் இல்லை என்று எழுதியிருந்தான். அவனுக்குப் பதினான்கு பாயின்ட்டில் பதில் கொடுத்தேன். காசை முன்னால் கொடுத்தவன் மேல் குற்றமா, வாங்கிக்கொண்டு வேலையை முடிக்காதவன் மேல் குற்றமா என்பது ஒன்பதாவது பாயின்ட். "முதல் பாயின்ட்டுக்கு மேல் படிக்கவில்லை" என்று எழுதிவிட்டுப் போய்விட்டான். அடுத்தவர் சொல்வதைக் கேட்கும் பொறுமை இந்தக் காலத்தில் யாருக்கும் இல்லை.

மார்ச் 14, வெள்ளி

கம்பெனி பதில் எழுதிவிட்டது. மொழிபெயர்த்துப் படித்தேன். வருந்துகிறார்களாம். பச்சை வராத பிழை அவர்கள் சோதனையில் தெரியவே இல்லையாம். ஏனென்றால் சோதித்தவர்கள் எல்லாரும் சிவப்பைத் தாண்டிப் போய்விட்டார்கள். வாங்கியவர்களும் அப்படியே. அந்தப் பாதையில் ஓட்டிய எண்பதாயிரம் பேரில், சிக்னலுக்காகக் கடைசிவரை நின்றது ஒரே ஒருவர்.

அந்தக் கடிதத்தை அச்செடுத்து வைத்திருக்கிறேன். எண்பதாயிரத்தில் ஒருவன். இதை 2014-இல் என்னை விசாரித்தவர்கள் பார்க்க வேண்டும்.

குமுதவல்லி படித்துவிட்டு, "நல்ல பேருதான்" என்றாள். எந்தக் குரலில் சொன்னாள் என்று எழுத முடியவில்லை.

மார்ச் 21, வெள்ளி

முதல் பேட்ச் வந்தது. ஸ்டேஷன் மாஸ்டரை மீட்டுவிட்டார்கள், நடமாடுகிறார். மூன்றாவது நிமிடம் ஸ்டார்ட்டர் பச்சை. எழுந்து நின்றுவிட்டேன். பிறகு உட்கார்ந்து வண்டியை எடுத்தேன். எட்டாவது கிலோமீட்டரில் ஆற்றுப் பாலம் இல்லை. தண்டவாளம் மட்டும் ஆகாயத்தில் போனது. விதிப்புத்தகத்தில் இதற்கு வழியில்லை என்பதால் நிறுத்திவிட்டேன்.

மார்ச் 25, செவ்வாய்

தொட்டி அலாரத்தை மாற்றினேன். பழையதைக் கடைக்காரர் தண்ணீரில் போட்டுப் பார்த்தார். அதில் ஒரு குறையும் இல்லையாம்.

ஏப்ரல் 6, ஞாயிறு

இரண்டாவது பேட்ச். பாலம் வந்துவிட்டது. இனிச் சிவப்பைத் தாண்டினால் ஓட்டம் அங்கேயே முடிந்துவிடுமாம். இன்று கொத்தனேரி.

முறைப்படி ஓட்ட வேண்டும் என்றால் பக்கத்தில் அசிஸ்டன்ட் வேண்டும். குமுதவல்லியைக் கூப்பிட்டு, சாப்பாட்டு மேஜை நாற்காலியைப் பக்கத்தில் போட்டு உட்கார வைத்தேன். சிக்னல் தெரிந்தவுடன் நிறத்தைச் சொல்ல வேண்டும், நான் திருப்பிச் சொல்வேன் என்று பயிற்சி கொடுத்தேன்.

"சம்பளம் உண்டா?"

"பென்ஷன்ல பாதி உன்னுதுதானே."

"முழுசும்னு நெனச்சிட்டிருந்தேன்" என்று கொத்தவரங்காயை மடியில் வைத்து நறுக்கிக்கொண்டே பார்த்தாள். நன்றாகச் செய்தாள் என்று சொல்ல வேண்டும். "ஸ்டார்ட்டர் பச்சை" என்றாள். "ஸ்டார்ட்டர் பச்சை" என்றேன். படம் நொடிக்கு நாற்பது. பாலம் தாண்டினோம். சரக்கு வண்டி, அறுபது வேகம்.

பன்னிரண்டாவது கிலோமீட்டரில், திரையின் மூலையில் விளம்பரம் வந்தது. புதிய மலைப் பாதை, இப்போதே முன்பதிவு செய்யுங்கள் என்று. இருக்கிற பாதைக்கே இன்னும் இரண்டு ஸ்டேஷனுக்குக் கூரை போடவில்லை. அதற்குள் அடுத்ததற்குக் காசு கேட்கிறான். இந்த அநியாயத்தை நான் குமுதவல்லிக்குச் சொல்ல ஆரம்பித்தேன். ஒரு மனிதனின் நம்பிக்கையை முதலாக வைத்து நடத்தும் வியாபாரம் இது என்றேன். அவள் ஏதோ சொன்னாள். இரு, சொல்லி முடித்துவிடுகிறேன் என்றேன். முன்பணம் வாங்கியவனுக்குப் பொறுப்பு கூடுமா குறையுமா என்று கேட்டேன். மறுபடி ஏதோ சொன்னாள். கையைக் காட்டினேன். மூன்றாவது தடவை அவள் கத்தியை வைத்துவிட்டு என் தோளைத் தொட்டாள்.

ஹோம் சிக்னல் சிவப்பாக முன்னால் நின்றது. அவசர பிரேக் போட்டேன். சரக்கு வண்டி அவ்வளவு சீக்கிரம் நிற்காது.

திரையில், சிக்னல் மீறல், பணி முடிந்தது என்று வந்தது. தாண்டிய தூரத்தையும் போட்டிருந்தார்கள். இரண்டு வேகனுக்குக் கொஞ்சம் குறைவு.

"மஞ்சள்னு மூணு தடவ சொன்னேங்க" என்றாள், மெதுவாக. வேறு ஒன்றும் கேட்கவில்லை. கொத்தவரங்காயை எடுத்துக்கொண்டு, நாற்காலியையும் தூக்கிக்கொண்டு சமையலறைக்குப் போனாள். இருபத்து மூன்று மனுவையும் வெயிலில் நடந்து போய்ப் பதிவுத் தபாலில் சேர்த்தவள் அவள்தான்.

ஏப்ரல் 7, திங்கள்

எழுத ஒன்றும் இல்லை.

ஏப்ரல் 8, செவ்வாய்

தனியாக ஓட்டினேன். வாயை மூடிக்கொண்டு ஓட்டினேன்.

புங்க மரம் இருக்கிறது. வளைவும் அதே வளைவு. பாலத்தை மறந்தவர்கள், ஸ்டேஷன் மாஸ்டரைப் புதைத்தவர்கள், நாய்க்கு நடக்கக் கற்றுக்கொடுக்காதவர்கள், இந்த மரத்தை மட்டும் கிளை கிளையாகச் சரியாக வைத்திருக்கிறார்கள். என் ஞாபகத்தில் இருக்கும் மரம்தான் அது. மரம் மூன்று நொடி மறைக்கிறது. பிறகு விலகிவிடுகிறது. அதற்குப் பின் டிஸ்டன்ட் சிக்னல் பதினெட்டு நொடி கண்ணெதிரே மஞ்சளாக நிற்கிறது. கடிகாரம் வைத்து ஒன்பது முறை பார்த்தேன். பதினெட்டுதான்.

படம் எடுத்தேன். மனுவில் இணைக்கவில்லை.

ஏப்ரல் 11, வெள்ளி

பழைய டூட்டி டைரியில் எண் இருந்தது. காலை பதினொரு மணிக்குக் கூப்பிட்டேன். கேமில் உள்ள குறைகளைப் பற்றிப் பாதை தெரிந்த ஒருவரின் கருத்து தேவைப்பட்டது, அதற்காகத்தான்.

"யாரு?" என்றான் பிலவேந்திரன். அன்றைய அசிஸ்டன்ட், இப்போது அவனே எக்ஸ்பிரஸ் ஓட்டுகிறான்.

"கோதண்டபாணி."

அந்தப் பக்கம் குக்கர் விசில் ஒன்று கேட்டது. "சொல்லுங்க சார்."

கேமைப் பற்றிச் சொன்னேன். முன்பதிவு, ஒன்பது படம், இரண்டு மணி பதினான்கு நிமிடம், எல்லாம். குறுக்கிடாமல் கேட்டான். அவன் எப்போதுமே அப்படித்தான். சொல்லி முடித்ததும் கேட்டேன்.

"அன்னைக்கு கொத்தனேரிக்கு முன்னாடி நான் என்ன பேசிட்டிருந்தேன்?"

"சாம்பாரப் பத்தி சார்."

"எந்த சாம்பார்?"

"ரன்னிங் ரூம் சாம்பார். டூட்டி முடிச்சு வந்து தங்கறவனுக்கு ஊத்தற சாம்பார்ல பருப்பே இல்ல, காண்ட்ராக்ட்காரன் மேல மனு போடணும்னு பாலத்துல ஆரம்பிச்சீங்க."

"நீ எத்தன தடவ சொன்ன?"

"மூணு சார். ரெண்டாவது தடவ கையக் காட்டினீங்க. மூணாவது தடவ தோளத் தொட்டேன்."

பதினோரு வருடத்தில் போனில் நான் பேசாமல் இருந்தது அதுதான் நீண்ட நேரம் என்று நினைக்கிறேன்.

அவனே பேசினான். "ஆனா பருப்பு இல்லதான் சார். அதுல நீங்க சொன்னது சரி."

"நான் பேசிட்டிருந்தத விசாரணையில ஏன் சொல்லல?"

"அத யாரும் கேக்கல சார்."

ஞாயிற்றுக்கிழமை அவனுக்கு ஓய்வாம். கேமைப் பார்க்க வரலாமா என்றான். படம் இன்னும் விட்டு விட்டுத்தான் வருகிறது, வந்து பார்த்துவிட்டு என்னைக் குறை சொல்லாதே என்றேன்.

ஏப்ரல் 12, சனி

இருபத்து நான்காவது மனுவின் வரைவை எடுத்தேன். இரண்டாவது பத்தி, மரம். நீக்கினேன். மூன்றாவது பத்தி, 'அசிஸ்டன்ட் சிக்னலைச் சொல்லவில்லை'. நீக்கினேன். மீதியில் விலாசமும் கையெழுத்தும் இருந்தன. பருப்பைப் பற்றி ஒரு பத்தி சேர்க்கலாம். யோசிக்க வேண்டும்.

ஏப்ரல் 13, ஞாயிறு

பிலவேந்திரன் வந்தான். தலை நரைத்துவிட்டது. வாழைப்பழமும் பிஸ்கட்டும் வாங்கி வந்திருந்தான். குமுதவல்லி, "வாங்க தம்பி, இந்த நாற்காலி ஒங்களுதுதான், நான் ராஜினாமா பண்ணிட்டேன்" என்றாள். அவன் திரையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு உட்கார்ந்தான்.

காலை 11.20, வேலாம்பட்டி புறப்பாடு. பாலம் தாண்டியதும் அதே விளம்பரம் வந்தது. மலைப் பாதை, முன்பதிவு. எனக்கு நிறையச் சொல்ல இருந்தது. ஒன்றும் சொல்லவில்லை. பிலவேந்திரன் என்னை ஒருமுறை திரும்பிப் பார்த்தான்.

மரம் விலகியது.

"டிஸ்டன்ட் மஞ்சள்" என்றான்.

"டிஸ்டன்ட் மஞ்சள்" என்றேன்.

பிரேக்கைத் தொட்டேன். அறுபது, நாற்பது, இருபது. ஹோம் சிக்னல் சிவப்பாக முன்னால் வளர்ந்தது. அதற்கு முப்பது மீட்டர் முன்னால் வண்டி, தம்ளரில் தண்ணீர் சிந்தாதபடி நின்றது. அடுத்த கணம் திரை அணைந்து, கேம் தானாக மூடிக்கொண்டது. திறந்து பார்த்தால் இன்று ஓட்டியது எதுவும் பதிவாகவில்லை. கடைசிப் பதிவு அந்தச் சிக்னல் மீறல்தான்.

கம்பெனிக்கு எழுத வேண்டும். வண்டி நின்றது நின்றதுதான். சாட்சி இரண்டு பேர் இருக்கிறார்கள். ஒருவர் பக்கத்து நாற்காலியில் இருந்தவர், மற்றவர் காபி தம்ளர்களோடு வாசற்படியில் நின்று பார்த்தவர்.

மதியம் சாப்பிட்டுவிட்டுத்தான் போனான். சாம்பார். பருப்பு தாராளமாக இருந்தது என்று அவனே சொன்னான். நான் திருப்பிச் சொன்னேன்.